கூச்ச சுபாவம் உள்ள மாணவர் கல்லூரி முதலாமாண்டை எப்படிச் சமாளிப்பது?

கேள்வி: கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சென்னையில் ஒரு பொறியியல் கல்லூரியில் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. சின்ன வயதிலிருந்தே கூச்ச சுபாவம். ரூம்மேட்டைத் தவிர யாரோடும் பேச்சு இல்லை. சந்தேகம் கேட்க வாய் வருவதில்லை, இங்கிலீஷும் தடுமாறுகிறது. மற்றவர்கள் அதற்குள் கேங் சேர்ந்துவிட்டார்கள். டி.சி. வாங்கிக்கொண்டு ஊர்ப்பக்கம் ஆர்ட்ஸ் காலேஜில் சேர்ந்துவிடலாமா என்று தோன்றுகிறது. என்ன செய்யலாம்?

பதில்:

தம்பி, நான் பொறியியல் கல்லூரியில் முதலாமாண்டுக்கு இயற்பியல் நடத்துகிறவன். விடுதியில் துணைக் காப்பாளராகவும் இருந்திருக்கிறேன். ஒவ்வொரு ஆண்டும் வகுப்பு தொடங்கும்போது, முன் பெஞ்சுக்கும் வராமல் கடைசி பெஞ்சுக்கும் போகாமல் நடுவில் சுவரோரமாக இடம் பிடித்துக்கொள்ளும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். அதே பிள்ளைகள் நாலாம் ஆண்டில் எப்படி இருக்கிறார்கள் என்பதையும் பார்க்கிறேன். அதனால் உறுதியாகச் சொல்ல முடியும்: கூச்சத்தைப் போக்கிக்கொள்வதை இப்போதைய வேலையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கூச்சம் அது பாட்டுக்கு இருக்கட்டும். அது இருக்கும்போதே, பேசாமலே பழக்கம் உண்டாகிற இடங்கள் எவை என்று பார்த்து அங்கே தவறாமல் போய் இருங்கள். நான் பார்த்தவரை கூச்ச சுபாவக்காரர்களுக்குப் பலன் கொடுத்தது இந்த வழிதான். 'நாளையிலிருந்து எல்லாரிடமும் பேசுவேன்' என்று சபதம் எடுத்தவர்கள் இரண்டு நாளில் களைத்துப்போய் முன்னைவிட ஒதுங்கிவிடுவதைத்தான் கண்டிருக்கிறேன்.

முதலில் அந்த 'ஒரு மாதம்' பற்றி. கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் என்ற ஆய்வாளர், ஊர் மாறி வந்தவர்களிடமும் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்களிடமும் விவரம் கேட்டு 2018-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அறிமுகமான ஒருவர் சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரம், நல்ல பழக்கமாக 90 மணி நேரம், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது என்பது அவர் கணக்கு. அதிலும் வேலையாகச் சேர்ந்திருக்கும் நேரத்தைவிட, சும்மா சேர்ந்திருக்கும் நேரத்துக்குத்தான் பலன் அதிகம். ஒரு மாதத்தில் வகுப்புத் தோழன் ஒருவனோடு சும்மா உட்கார்ந்திருந்த நேரம் எவ்வளவு இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உங்களிடம் குறை இருப்பதால் நண்பர்கள் அமையவில்லை என்று நினைக்கிறீர்கள். உண்மையில் இன்னும் நேரமே ஆகவில்லை.

கேங் சேர்ந்துவிட்டார்கள் என்கிறீர்களே, முதல் மாதத்து கேங்குகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரே ஸ்கூல், ஒரே மாவட்டம், ஒரே காலேஜ் பஸ் ரூட் என்ற அடிப்படையில் சேர்ந்தவை அவை. தனியாக நிற்கப் பயந்து சேர்ந்தவர்கள்தான் அதில் பாதிப்பேர். முதல் இன்டர்னல் டெஸ்ட் முடிந்து மார்க் வரும்போது அவை கலைந்து வேறு மாதிரி சேரும். செமஸ்டர் ஸ்டடி ஹாலிடேஸில் இன்னொரு முறை மாறும். கதவு சாத்திவிட்டது என்று நினைத்து வெளியே நிற்காதீர்கள்.

இப்போது உங்கள் கூச்சத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். கூச்சம் என்று நீங்கள் சொல்வதில் ஒரு பங்குதான் கூச்சம். இன்னொரு பங்கு இங்கிலீஷ் பயம். ஊரில் உங்கள் தெருப் பையன்களோடு கிரிக்கெட் ஆடும்போது வாய் மூடியா இருந்தீர்கள்? அங்கே வந்த பேச்சு இங்கே வராததற்குக் காரணம், வாயைத் திறந்தால் தப்பாகிவிடும் என்ற பயம். அதற்கான மருந்து வேறு. உங்களுக்குப் பாடம் தெரியும், பாடத்தின் பெயர்கள்தான் புதிது. பிளஸ் ஒன், பிளஸ் டூவில் நீங்கள் போட்ட அணிக்கோவைதான் இங்கே டிட்டர்மினன்ட். வகைக்கெழுதான் டெரிவேட்டிவ். குறுக்கீட்டு விளைவுதான் இன்டர்ஃபியரன்ஸ். ஒரு சின்ன நோட்டு போட்டு, ஒவ்வொரு யூனிட் தொடங்குவதற்கு முந்தைய இரவு அந்த யூனிட்டில் வரும் சொற்களை மட்டும் தமிழோடு எழுதி வைத்துக்கொண்டு வகுப்புக்கு வாருங்கள். ஒரு யூனிட்டுக்கு நாற்பது சொல் தாண்டாது. தமிழ் வழியில் வந்து இதை ஒழுங்காகச் செய்த பிள்ளைகள் இரண்டாவது செமஸ்டரில் பாடத்தைப் பின்தொடர்வதில் மற்றவர்களுக்குச் சளைத்தவர்களாக இருப்பதில்லை. பேச்சு இங்கிலீஷ் மெதுவாக வரட்டும். பாட இங்கிலீஷ்தான் அவசரம்.

மூன்றாவது ஒரு பங்கும் இருக்கிறது, அதை நீங்கள் எழுதவில்லை. இருந்தும் கேட்டுவிடுகிறேன். கேன்டீனுக்குக் கூப்பிட்டால் 'நான் வரல' என்று சொல்வதில் கூச்சம் எவ்வளவு, சட்டைப் பையில் இருக்கும் பணம் எவ்வளவு? இதை மறைக்க வேண்டியதே இல்லை. 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்தவர்களுக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில், தகுதியுள்ள அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கே வருகிறது. பெண் பிள்ளைகளுக்கு 2022-இலிருந்தே புதுமைப் பெண் திட்டம் இருக்கிறது. விண்ணப்பித்துவிட்டீர்களா என்று கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள். கூச்சப்பட்டுக்கொண்டு அந்தக் கவுன்ட்டருக்கே போகாத பிள்ளைகள் இருக்கிறார்கள், எனக்கு அதுதான் மிகவும் வருத்தம். பணம் வந்ததும் அதில் கொஞ்சத்தை டீ செலவுக்கென்றே ஒதுக்குங்கள். டீயும் ஒரு பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் அது வீண் செலவில்லை.

ஒதுக்கீட்டில் வந்தவன் என்று யாராவது குத்திப் பேசினால் தலை குனியாதீர்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் தொழிற்கல்லூரிகளுக்குள் மிகக் குறைவாகவே வருகிறார்கள் என்று கண்டறிந்த பிறகுதான் 2020-இல் மருத்துவத்துக்கும் 2021-இல் பொறியியல் உள்ளிட்ட படிப்புகளுக்கும் இந்தச் சட்டம் வந்தது. அந்த இடம் உங்களுடையது.

இனி, பேசாமலே பழகுகிற இடங்கள். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 1992-இல் ஓர் ஆய்வு செய்தார்கள். நான்கு பெண்களை ஒரு பெரிய வகுப்பில் மாணவிகள் போல உட்கார வைத்தார்கள். ஒருவர் வரவே இல்லை. மற்ற மூவரும் பருவம் முழுவதுக்குமாக 5 முறை, 10 முறை, 15 முறை என்று வந்தார்கள். யாரோடும் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்பது ஏற்பாடு. கடைசியில் அந்த நால்வரின் படத்தையும் காட்டி மாணவர்களிடம் கேட்டபோது, அதிகம் வந்தவர்தான் அதிகம் பிடித்தவராக இருந்தார். பேச்சே இல்லாமல், முகம் பழகியதாலேயே பிடிப்பு உண்டாகிறது. கூச்ச சுபாவக்காரர்களுக்கு இதைவிட நல்ல செய்தி எனக்குத் தெரியாது. ஆகவே தினமும் ஒரே பெஞ்சில் உட்காருங்கள். மெஸ்ஸுக்கு ஒரே நேரத்தில் போங்கள், கூட்டம் குறையட்டும் என்று கடைசியில் போகாதீர்கள். சாயங்காலம் ஜெராக்ஸ் கடையோ கிரவுண்ட் படிக்கட்டோ, ஓர் இடத்தை வழக்கமாக்குங்கள். இடத்தை மாற்றி மாற்றி உட்கார்ந்தால் யார் கண்ணிலும் பதிய மாட்டீர்கள்.

எல்லாவற்றையும்விட நல்ல இடம் லேப். நான் லேபில் நிற்கிறவன் என்பதால் மட்டும் இதைச் சொல்லவில்லை. ஏர் வெட்ஜ் எக்ஸ்பெரிமென்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு மெல்லிய கம்பியை வைத்து, மேலே விழும் சோடியம் வெளிச்சத்தில் தெரியும் பட்டைகளை டிராவலிங் மைக்ராஸ்கோப்பில் எண்ணி, அந்தக் கம்பியின் தடிமனைக் கண்டுபிடிக்க வேண்டும். சோடியம் விளக்கைப் போட்டதும் இளஞ்சிவப்பாகத்தான் எரியும். முழு மஞ்சளாக மாறச் சில நிமிடங்கள் பிடிக்கும். அந்தச் சில நிமிடம் பக்கத்தில் நிற்கிறவனுக்கும் வேலை இல்லை, உங்களுக்கும் இல்லை. 'எந்த ஹாஸ்டல் பிளாக்?' என்று யாராவது ஒருவர் கேட்டே தீருவார். நீங்கள் கேட்க வேண்டும் என்றுகூட இல்லை. பிறகு ஒருவன் கண்ணை வைத்துக்கொண்டு 'எம்.எஸ்.ஆர். ஆறு புள்ளி நாலு அஞ்சு, வி.எஸ்.சி. இருபத்திமூணு' என்று ஸ்கேல் அளவுகளைச் சொல்வான், மற்றவன் எழுதுவான். ஐந்து பட்டை தள்ளி அடுத்த ரீடிங். எங்கோ கணக்குத் தப்பும். 'டேய், நீ ஒரு பட்டையை விட்டுட்ட' என்று சொல்ல வேண்டி வரும். அந்த நேரத்தில் கூச்சப்பட நேரமிருக்காது. வாரா வாரம் அதே பேட்ச், அதே ஆட்கள். வெளியே வந்ததும் ரெக்கார்ட் எழுதுவதைப் பற்றிப் பேச ஒரு விஷயம் கையில் இருக்கும். அதை அப்படியே கேன்டீன் வரைக்கும் நீட்டிவிடுங்கள். லேப் தொடங்கி வைக்கும், அதற்குப் பிறகு சும்மா உட்கார்ந்திருக்கும் நேரம்தான் நட்பாகும்.

இங்கேதான் வார விடுமுறை வருகிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பையைத் தூக்கிக்கொண்டு கிளாம்பாக்கம் போய் ஊர் பஸ் ஏறிவிடுகிறீர்களா? அம்மாவைப் பார்க்கப் போவதை நான் தடுக்கவில்லை. ஆனால் வாரந்தவறாமல் போகாதீர்கள், ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் போங்கள். விடுதியில் உண்மையான பழக்கம் சனி ஞாயிறில்தான் உண்டாகிறது. துணி துவைத்துக் காயப்போடும் இடத்தில், மாடியில், பாதிப்பேர் ஊருக்குப் போய்விட்டதால் மீதிப்பேர் ஒரே டேபிளில் சாப்பிடும் மெஸ்ஸில். முப்பது பேருக்கு நடுவில் பேசத் தெரியாத பிள்ளை, ஆறு பேர் இருக்கும் ஞாயிற்றுக்கிழமையில் தாராளமாகப் பேசுவான். கூச்ச சுபாவக்காரர்களுக்குச் சின்னக் கூட்டம்தான் தோது.

ரூம்மேட் ஒருவரோடு பேசுகிறேன் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அது சின்ன விஷயமில்லை. அவருக்கு நான்கு பேரைத் தெரிந்திருக்கும். அவர் எங்காவது கிளம்பும்போது 'நானும் வரேன்' என்ற இரண்டு சொல் போதும். போன இடத்தில் நீங்கள் வாயே திறக்காமல் திரும்பினாலும் பரவாயில்லை.

பேசிவிட்டு வந்த பிறகு ராத்திரி படுத்துக்கொண்டு 'அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, அவன் என்ன நினைத்திருப்பான்' என்று புரட்டிப் புரட்டி யோசிக்கும் வழக்கம் உங்களுக்கு இருக்குமென்று ஊகிக்கிறேன். 2018-இல் எரிக்கா பூத்பி என்பவரும் அவருடைய சக ஆய்வாளர்களும் இதைத்தான் ஆராய்ந்தார்கள். புதிதாகச் சந்தித்துப் பேசிய இருவரிடமும் தனித்தனியே கேட்டால், எதிராளிக்குத் தம்மை உண்மையில் பிடித்ததைவிடக் குறைவாகவே பிடித்திருக்கும் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். கல்லூரி விடுதியில் சேர்ந்து தங்கிய முதலாமாண்டு மாணவர்களிடம் இந்த எண்ணம் மாதக்கணக்கில் நீடித்தது. இன்றிரவு நீங்கள் யோசிப்பதை, அடுத்த அறையில் அவனும் யோசித்துக்கொண்டிருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

படிப்பு விஷயத்தில் மட்டும் கூச்சத்தை அதன் போக்கில் விட முடியாது. அங்கே அது நேரடியாக இழப்பாகிறது. நான் பார்த்ததில் மிக மோசமானது இது: ஐந்து நிமிடம் தாமதமாகிவிடும். எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்களே என்று வாசல்வரை வந்து திரும்பிவிடுவார்கள். ஒரு பீரியட் போய்விடும். இப்படியே சேர்ந்து சேர்ந்து 75 சதவீத வருகை இல்லாமல் போகும். அண்ணா பல்கலைக்கழக விதிப்படி 65 சதவீதத்துக்கும் கீழே போனால் அந்த செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டும். அறிவில் குறைவில்லாத பிள்ளைகள் இப்படிச் சிக்குவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. தாமதமானால் பின் கதவு வழியாகவாவது உள்ளே வந்துவிடுங்கள். எந்த ஆசிரியரும் ஒரு நிமிடத்துக்கு மேல் அதை நினைவில் வைத்திருப்பதில்லை.

சந்தேகம் கேட்பதற்கு ஒரு வழி சொல்கிறேன். வகுப்புக்கு நடுவே எழுந்து கேட்க வேண்டாம். பீரியட் முடிந்து ஆசிரியர் போர்டை அழித்துவிட்டு வெளியே வரும்போது வராந்தாவில் கேளுங்கள். 'புரியல சார்' என்று கேட்காதீர்கள். அதற்குப் பதில் சொல்வது எங்களுக்கும் கஷ்டம், அடுத்த கேள்வி உங்களிடம் வந்து விழும். நோட்டில் அந்த வரிக்கு அடியில் கோடு போட்டு எடுத்துப் போய், 'சார், கெய்லி-ஹாமில்டன்ல இந்த மூணாவது ஸ்டெப்ல மைனஸ் எப்படி வந்துச்சு?' என்று விரலை வைத்துக் கேளுங்கள். தமிழிலேயே கேளுங்கள். இருபது நொடியில் முடிந்துவிடும். இப்படி ஒரு செமஸ்டரில் ஐந்தாறு முறை வந்த மாணவனின் பெயர் எங்களுக்குத் தெரிந்துவிடும். இன்டர்னல் மார்க்குக்குப் பங்கிருக்கும் இடத்தில், ஆசிரியர் உங்களை அறிந்திருப்பது நல்லதுதான். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் வாய் அடைத்துப்போகும் பிள்ளைகளுக்கு ஒன்று: எக்ஸ்பெரிமென்டின் நோக்கத்தையும் ஃபார்முலாவையும் இரண்டே வரி இங்கிலீஷில் எழுதி, அறைக்குள் சத்தமாகப் பத்து முறை சொல்லிப் பாருங்கள். முதல் இரண்டு வரி தானாக வந்துவிட்டால் மூன்றாவது வரி சிக்கலாகாது.

வாட்ஸ்அப் குரூப்பில் நீங்கள் ஒரு வார்த்தையும் போடுவதில்லை என்று நினைக்கிறேன். அங்கே அரட்டை அடிக்க வேண்டாம். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகளின் நோட்ஸ் பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்னால் அதைத் தெளிவாகப் படமெடுத்துப் போட்டுவிடுங்கள். மறுநாள் இரண்டு பேர் உங்களைத் தேடி வருவார்கள். கிளப்பில் சேர்வதானால் மேடை ஏறாதவற்றைப் பாருங்கள். என்.எஸ்.எஸ். நல்லது, மரம் நடும்போதும் ரத்ததான முகாமில் நாற்காலி போடும்போதும் கைக்கு வேலை இருக்கும், பேச்சு தானாக வரும்.

சீனியர்கள் விஷயம். பெயர், ஊர் கேட்டு, நோட்ஸ் தருகிறேன் என்பவர்கள்தான் அதிகம், அவர்களோடு பழகுங்கள். ஆனால் இன்ட்ரோ என்ற பெயரில் ராத்திரி அறைக்கு வரச் சொல்வது, ஆடச் சொல்வது, பாடச் சொல்வது, அடிப்பது எல்லாம் ராகிங்தான். கூச்சப்படுகிற பிள்ளைதான் வெளியே சொல்ல மாட்டான் என்று தெரிந்தே செய்கிறவர்கள் உண்டு. 1996-இல் ஒரு மருத்துவ மாணவர் கொல்லப்பட்டதற்குப் பிறகு, 1997-இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டு ஆண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு, கல்லூரியிலிருந்தும் நீக்குவார்கள். வார்டனிடம் நேரில் சொல்ல வாய் வரவில்லையென்றால் எழுதிக் கொடுங்கள். அதுவும் முடியாவிட்டால் 1800-180-5522 என்ற தேசிய உதவி எண் இரவு பகல் எந்நேரமும் இயங்குகிறது.

இன்னொன்றை மட்டும் நீங்களே நேர்மையாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பேசக் கூச்சமாக இருக்கிறது என்பது வேறு. சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை, வகுப்புக்குப் போக நினைத்தாலே நெஞ்சு அடித்துக்கொண்டு கை வியர்க்கிறது, பிடித்த எதிலும் மனம் போகவில்லை, இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்பது வேறு. இரண்டாவது வகை என்றால் தனியாகச் சுமக்காதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் புறநோயாளர் பிரிவு இருக்கிறது. மனிதர்களை எதிர்கொள்வதில் உள்ள கடுமையான பயத்துக்குப் பேச்சு வழியாகவும் தேவைப்பட்டால் மாத்திரை வழியாகவும் நல்ல சிகிச்சை உண்டு. போனவர்கள் குணமாகித் திரும்பிப் படித்து முடித்ததைப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக டி.சி. விஷயம். இப்போது வாங்காதீர்கள். இந்த ஆண்டுச் சேர்க்கை எல்லா இடத்திலும் அநேகமாக முடிந்திருக்கும். வெளியே வந்தால் அடுத்த ஜூன் வரை வீட்டில்தான் உட்கார வேண்டியிருக்கும், தனிமை இன்னும் கூடும். அங்கே சேர்ந்தாலும் முதல் மாதம் இதே மாதிரிதான் தொடங்கும். முதல் செமஸ்டர் ரிசல்ட் வரட்டும். அதற்குப் பிறகும் பொறியியல் படிப்பே பிடிக்கவில்லை என்றால் மாறுவதில் தவறே இல்லை, அப்போது வீட்டில் நானே பேசியதாக நினைத்து இந்தப் பதிலைக் காட்டுங்கள். ஆட்களைக் கண்டு பயந்து மட்டும் மாறாதீர்கள். இந்த வாரம் லேப் என்றைக்கு என்று பார்த்து, பத்து நிமிடம் முன்னதாகப் போய் உங்கள் பேட்ச் டேபிளில் உட்காருங்கள். சனிக்கிழமை ஊருக்குப் போகாமல் விடுதியில் இருங்கள். திங்கட்கிழமை அலுவலகத்தில் தமிழ்ப் புதல்வன் விண்ணப்பத்தைக் கேளுங்கள். இந்த மாதத்துக்கு இது போதும்.